வண்ணம் புதிது, மரை பத்திரமா?
பவுடர் கோட்டிங் செய்த மோட்டார்சைக்கிளை மீண்டும் பூட்டுவோர் அறிய வேண்டியவை

சைனாடவுனுக்கு மலாய் மொழியில் கிரேத்தா ஆயர் என்ற பெயர் உண்டு. தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். சீன மொழியிலும் அவ்வட்டாரம் ‘மாட்டுவண்டித் தண்ணீர்’ என்றே அழைக்கப்படுகிறது. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பு மாட்டுவண்டிகளில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட காலத்தில் அமைந்த பெயர் அது.

வண்டியால் பெயர் பெற்ற அந்த வட்டாரத்தில் இன்று மாடுகள் இல்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் கிரேத்தா ஆயர் அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடங்களிலும் மோட்டார்சைக்கிள்கள்தான் வரிசை கட்டி நிற்கின்றன. உயர்ந்த மட்கார்டு, ஒல்லியான இருக்கை, பல்பல்லாக வெட்டிய டயர் என்று தனித்துத் தெரிவது ‘டர்ட் பைக்’. மண்பாதையில் ஓடுவதற்காக உருவான வண்டி இது. கவசாக்கி கேஎல்எக்ஸ், ஹோண்டா சிஆர்எஃப், யமஹா டபிள்யுஆர் வரிசை வண்டிகளில் சாலையிலும் மண்ணிலும் ஓடக்கூடிய வகைகள் உள்ளன. வாரநாள்களில் வேலைக்கும் வார இறுதியில் ஜோகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகளுக்கும் அவற்றை ஓட்டிச் செல்வோர் உண்டு.

செம்மண் சேறு, கடல் காற்று, மழை ஆகிய மூன்றும் இந்த வண்டிகளின் சட்டகத்தைச் சீக்கிரம் அரித்துவிடுகின்றன. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சாதாரண பெயின்ட் கல்லடி பட்டு உரிந்த இடத்தில் துரு உடனே பிடித்துக்கொள்ளும். அதனால் வண்டியை முழுவதும் கழற்றி, சட்டகத்துக்கு ‘பவுடர் கோட்டிங்’ எனப்படும் தூள் பூச்சு செய்துகொள்ள இளையர்கள் பலர் விரும்புகின்றனர்.

பட்டறையிலிருந்து சட்டகம் புத்தம்புதிதாகத் திரும்பி வரும்போது வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. பூச்சு எங்கே இருக்கிறது என்பதைக் கண் பார்த்துவிடும். பூச்சு எங்கே இருக்கக்கூடாது என்பதைக் கைதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டுபவரின் பாதுகாப்பு அந்த இரண்டாவது வேலையில் உள்ளது.

பூச்சு எப்படி ஒட்டுகிறது?

தூள் பூச்சு 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் மேற்கொண்ட முயற்சிகளில் இருந்து வளர்ந்த முறை. இப்போது பரவலாக உள்ள முறையில், பிளாஸ்டிக் பிசினும் வண்ணமும் கலந்த உலர்ந்த தூளுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தெளிக்கிறார்கள். தரையிணைப்பு கொடுக்கப்பட்ட உலோகம் அந்தத் தூளைத் தன்மீது இழுத்துக்கொள்கிறது. பிறகு அதைச் சூளையில் வைத்து 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். உலோகம் அந்த வெப்பத்தை எட்டியபின் 10 முதல் 20 நிமிடங்களில் தூள் உருகி, ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான தோலாக மாறிவிடுகிறது.

அந்தத் தோலின் தடிமன் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். ஆகவே 80 மைக்ரான் என்பது 0.08 மில்லிமீட்டர். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. சட்டகத்தின் குழாய்மீது அது ஒன்றுமில்லைதான். ஆனால் போல்ட் நுழையும் துளைக்குள் அதே 0.08 மில்லிமீட்டர் வேறு கணக்காகிவிடுகிறது.

தோட்டுத் திருகு சொல்லும் பாடம்

போல்ட்டிலும் நட்டிலும் சுற்றிச் சுற்றி ஓடும் வரிகளுக்குத் தமிழில் மரை என்று பெயர். ‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று கேலி பேசும்போது நாம் சொல்வது அந்த மரையைத்தான்.

மரை எவ்வளவு நுட்பமானது என்பதை அறிய மோட்டார்சைக்கிள் வேண்டாம், தோடு போதும். காதில் போடும் தோட்டின் திருகாணியில் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து இறுகிவிட்டால் அது பாதியில் நின்றுவிடும். அவசரத்தில் அழுத்தித் திருகினால் கோணலாக ஏறி மரை தேய்ந்துவிடும். அதன் பிறகு நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் திருகை முதலில் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, ‘டக்’ என்று உட்கார்ந்த பிறகே முன்பக்கமாகத் திருகச் சொல்வார்கள். மோட்டார்சைக்கிள் போல்ட்டுக்கும் அதே வழிதான்.

கணக்கைப் பார்ப்போம். மில்லிமீட்டர் அளவிலான போல்ட்டின் மரை, 60 டிகிரி கோணமுள்ள முக்கோணப் பள்ளமாக வெட்டப்பட்டது. பள்ளத்தின் இரு சரிவுகளிலும் பூச்சு ஏறும்போது, மரை ஒன்றோடொன்று பொருந்தும் விட்டம் பூச்சின் தடிமனைப்போல நான்கு மடங்கு குறுகிவிடுகிறது. 0.08 மில்லிமீட்டர் பூச்சு 0.32 மில்லிமீட்டரை விழுங்கிவிடுகிறது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதன் மரைத்துளைக்கும் இடையே தொழிற்சாலை விட்டுவைக்கும் இடைவெளி, தாராளமாக இருந்தாலும் 0.3 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். பூச்சு ஏறிய துளைக்குள் போல்ட் போகாததற்குக் காரணம் இதுதான். துளையின் வாய்ப்பக்கத்தில் உள்ள முதல் சில சுற்றுகளில்தான் தூள் அதிகம் படியும். ஆகவே போல்ட் தொடக்கத்திலேயே முரண்டு பிடிக்கும்.

கருவி காட்டும் பொய்க்கணக்கு

முரண்டு பிடித்தால் ஸ்பேனரைப் போட்டு முறுக்கிவிடலாமே என்று தோன்றும். ஆபத்து அங்கேதான்.

போல்ட்டை இறுக்க நாம் செலவிடும் விசை முழுவதும் இரு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கப் போவதில்லை. பொறியாளர்கள் சொல்லும் பொதுக்கணக்குப்படி, நூறு பங்கு விசையில் ஏறத்தாழ 50 பங்கு போல்ட் தலைக்கு அடியிலுள்ள உரசலிலும் 40 பங்கு மரையிலுள்ள உரசலிலும் போய்விடுகிறது. சுமார் 10 பங்கு மட்டுமே போல்ட்டை இழுத்து, பாகங்களை இறுக்கிப் பிடிக்கிறது.

பூச்சுத் துகளாலும் மணலாலும் மரையில் உரசல் இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? கையேடு சொன்ன அளவுக்கே முறுக்கினாலும் உண்மையான பிடிப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று ஒலி எழுப்பும். பூட்டியவர் நிம்மதியாக அடுத்த போல்ட்டுக்குப் போய்விடுவார். போல்ட்டோ அரைகுறையாகத்தான் பிடித்திருக்கும்.

போல்ட் தலைக்கும் வாஷருக்கும் அடியில் தடிமனாகப் படிந்த பூச்சு இன்னொரு சிக்கல். உலோகத்தைப்போல அது உறுதியாக நிற்காது. எஞ்சின் அதிர்விலும் சூட்டிலும் மெல்ல நசுங்கும் அல்லது நொறுங்கும். அது நசுங்கிய அளவுக்கு இறுக்கம் தளரும். இன்று சரியாக இருந்த பிரேக் கேலிப்பர் போல்ட் ஒரு வாரத்தில் ஆடத் தொடங்கலாம்.

போக்குவரத்துக் காவல்துறையின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டு சிங்கப்பூர்ச் சாலைகளில் உயிரிழந்த 142 பேரில் 85 பேர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்களும். விபத்துகளுக்குக் காரணங்கள் பல. ஆனால் இரு சக்கரங்களில் செல்பவருக்குச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. அவருடைய வண்டியில் ஒரு போல்ட் தளர்ந்தால் அதன் விளைவு நேராக உடம்பில் வந்து விழுகிறது.

பட்டறைக்குக் கொடுக்கும் முன்பு

வேலையில் பாதியைப் பூச்சுக்கு முன்பே மிச்சப்படுத்தலாம். சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தில் டவுன்டவுன் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் ஜாலான் புசார். அவ்வட்டாரத்தில் வன்பொருள் கடைகள் உள்ளன. அதே ரயிலில் தொடர்ந்தால் எட்டாவது நிலையம் உபி, ஒன்பதாவது காக்கி புக்கிட். இரண்டும் வாகனப் பட்டறைகள் நிறைந்த பகுதிகள். சட்டகத்தை வேனில் அனுப்பும் முன்பு, மரைத்துளைகளை அடைக்கத் தேவையானவற்றை வாங்கிவிடுவது நல்லது.

சூளை வெப்பத்தைத் தாங்கும் சிலிக்கோன் அடைப்பான்கள் பல அளவுகளில் விற்கின்றன. அவை கிடைக்காவிட்டால் அதே அளவுள்ள பழைய போல்ட்டைத் துளையில் திருகிவைத்துக் கொடுக்கலாம். பூச்சு முடிந்ததும் அதைக் கழற்றும் முன், தலையைச் சுற்றிப் பூச்சைக் கத்தியால் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டோடு பூச்சும் உரிந்து வரும்.

எந்தெந்த இடத்தில் பூச்சு வேண்டாம் என்று எழுதி, படமும் எடுத்துப் பட்டறையில் கொடுக்க வேண்டும். ‘அவர்களுக்குத் தெரியாதா’ என்று விட்டுவிடக்கூடாது. பட்டறையில் சன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் செய்யும் அதே வேலையைத்தான் சட்டகத்துக்கும் செய்வார்கள். மோட்டார்சைக்கிளின் எந்தத் துளைக்குள் பேரிங் உட்காரும் என்பதை அறியும் பொறுப்பு உரிமையாளருடையது.

பேரிங், ரப்பர் புஷ், சீல் அனைத்தையும் கழற்றிவிட்டே கொடுக்க வேண்டும். சூளையில் கிரீஸ் உருகி வழியும்; வழிந்த இடத்தில் பூச்சு ஒட்டாது. எண்ணெயும் அழுத்தமூட்டிய வாயுவும் நிறைந்த பின்பக்க ஷாக் அப்சார்பரைச் சூளையில் வைப்பது வெடிப்புக்கு வழிவகுக்கும். அதை எக்காரணம் கொண்டும் அப்படியே கொடுக்கக்கூடாது.

அலுமினிய ஸ்விங்ஆர்ம், சக்கரத்தின் நடுப்பகுதி ஆகியவற்றில் இன்னொரு கவனம் தேவை. வெப்பப் பதனம் செய்து உறுதியாக்கப்பட்ட அலுமினியக் கலவைகள் அதிக வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால் உறுதியை இழக்கும். குறைந்த வெப்பத்தில் பதமாகும் தூள் உள்ளதா என்று பட்டறையில் கேட்கலாம்.

மரையைச் சுத்தம் செய்யும் முறை

சட்டகம் திரும்பி வந்ததும் முதல் வேலை அதை ஆட்டிப் பார்ப்பது. பழைய பெயின்ட்டை எடுக்க மணலையோ கண்ணாடித் துகளையோ வேகமாக வீசி அடித்திருப்பார்கள். அந்தத் துகள்கள் குழாய்களின் உள்ளேயும் மூலைகளிலும் தங்கியிருக்கும். தலைகீழாகப் பிடித்துத் தட்டி, காற்றழுத்தக் குழாயால் ஊதி வெளியேற்ற வேண்டும். ஊதும்போது கண்ணாடி அணிவது கட்டாயம். ஒரு சிட்டிகை மணல் பேரிங்குக்குள் போனால் போதும், புது பேரிங்கும் சில நாள்களிலேயே கரகரக்கும்.

அடுத்து, ஒவ்வொரு துளையிலும் அதற்குரிய போல்ட்டைக் கையால் மட்டும் திருகிப் பார்க்க வேண்டும். தோட்டுத் திருகைப்போல முதலில் பின்பக்கமாகச் சுற்றி, மரை உட்கார்ந்ததும் முன்பக்கமாகத் திருக வேண்டும். விரலாலேயே கடைசிவரை போனால் அந்தத் துளை நலம். நின்றுவிட்டால் அதற்கு ஒரு சாக்பீஸ் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

குறியிட்ட துளைகளைச் சுத்தம் செய்ய இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ‘டேப்’. அது புதிதாக மரை வெட்டுவதற்கான கருவி. மற்றொன்று ‘சேசர்’. ஏற்கெனவே உள்ள மரையின் வழியே ஓடி அழுக்கை மட்டும் தள்ளிக்கொண்டு வருவது அது. மரையைப் புதிதாக வெட்டாமல் துப்புரவு மட்டும் செய்ய வேண்டும் என்பதால் சேசரே ஏற்றது. குறிப்பாக அலுமினியத்தில் டேப்பைப் பயன்படுத்தினால் நல்ல உலோகத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும் அபாயம் உண்டு. எஃகுச் சட்டகத்தில் டேப்பையும் பயன்படுத்தலாம், ஆனால் நேராகப் பிடிக்க வேண்டும்.

காசில்லாமல் செய்யும் வழியும் இருக்கிறது. அதே அளவுள்ள பழைய எஃகு போல்ட்டின் மரைப்பகுதியில் நீளவாக்கில் ரம்பத்தால் ஒன்றிரண்டு பள்ளங்கள் அறுத்துவிட்டால் அதுவே சேசராகிவிடும். பள்ளத்தின் ஓரம் பூச்சைச் சுரண்டும். சுரண்டிய தூள் பள்ளத்துக்குள் தங்கும்.

எந்தக் கருவியானாலும் கையால்தான் திருக வேண்டும். மின்திருகி கூடாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போக வேண்டும். இறுகினால் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளைகளில் கூடுதல் கவனம் தேவை. அடியில் எண்ணெயோ தூளோ தேங்கினால் போல்ட் கடைசிவரை இறங்காது. இறங்கியதுபோல் இறுகிக் காட்டும். வலுக்கட்டாயமாக முறுக்கினால் உலோகமே வெடிக்கலாம். பிரேக் கிளீனர் தெளித்து ஊதி, துளை உலர்ந்த பிறகே அடுத்த வேலை.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 10 மில்லிமீட்டர் டேப் வேண்டும் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் வரிகளுக்கு இடையே 1.5 மில்லிமீட்டர் உள்ள பொதுவகையைத் தருவார்கள். ஜப்பானிய மோட்டார்சைக்கிள்களிலோ 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள் பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர் வகை. மாற்றி ஓட்டினால் நல்ல மரை ஒரே நிமிடத்தில் பாழாகிவிடும். வண்டியிலிருந்து கழற்றிய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், கடையில் மரை அளவுகோலில் வைத்துப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. 6 மில்லிமீட்டர் போல்ட்டில் வரி இடைவெளி 1 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25 மில்லிமீட்டர் என்பது வழக்கம்.

மரை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் சுத்தம் செய்வதால் பயனில்லை. துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் எஃகுச் சுருள் ஒன்றைப் பொருத்தும் ‘ஹெலிகாயில்’ முறை உள்ளது. பிரேக், ஸ்டீயரிங் தொடர்பான துளைகளில் அந்த வேலையை அனுபவமுள்ள பட்டறையில் கொடுப்பதே முறை.

மரையோடு முடிவதில்லை

பூச்சு இருக்கக்கூடாத இடங்கள் இன்னும் நான்கு.

முதலாவது, பேரிங் உட்காரும் இடங்கள். ஸ்டீயரிங் கழுத்தின் மேலும் கீழும், ஸ்விங்ஆர்ம் அச்சு, பின்பக்க லிங்கேஜ் ஆகியவற்றில் பேரிங் மிக இறுக்கமாகப் பொருந்த வேண்டும். பூச்சோடு அடித்து இறக்கினால் பேரிங் கோணலாகும். பூச்சை மட்டும் உரித்துவிட்டு, உலோகத்தைத் தேய்க்காமல் நிறுத்த வேண்டும். தேய்த்துப் பெரிதாக்கினால் பேரிங் உள்ளேயே சுழலத் தொடங்கும். பேரிங்கின் வெளிவளையத்தைச் சில மணி நேரம் ஃபிரீசரில் வைத்தால் சற்றே சுருங்கி எளிதாக இறங்கும்.

இரண்டாவது, எஞ்சின் சட்டகத்தோடு சேரும் முகங்களும் சக்கர அச்சு, பிரேக் கேலிப்பர் உட்காரும் முகங்களும். இங்கே உலோகத்தோடு உலோகம் சேர வேண்டும். உரித்த இடத்தில் துரு பிடிக்காமல் இருக்க மெல்லிய கிரீஸ் பூச்சு போதும்.

மூன்றாவது, மின்கம்பி தரையிணைப்பு. தூள் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் தரையிணைப்புக் கம்பி பூச்சின்மேல் திருகப்பட்டால் ஸ்டார்ட்டர் சுழலாது, விளக்கு மங்கும், சிக்னல் தப்பும். பல நாள்கள் வயரிங்கைக் குடைந்தும் கோளாறு அகப்படாமல், கடைசியில் ஒரு நாணய அளவு பூச்சைச் சுரண்டியதும் எல்லாம் சரியாவது இத்தகைய வண்டிகளில் நடக்கும்.

நான்காவது, சட்டக எண். பெரும்பாலும் ஸ்டீயரிங் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் இந்த எண்ணைத் தடித்த பூச்சு மூடிவிட்டால் பரிசோதனையின்போது சிக்கல். அதைச் சுரண்டிச் சேதப்படுத்தினால் பெரும் சிக்கல். அந்த இடத்தை முன்கூட்டியே மறைத்துவிடச் சொல்ல வேண்டும்.

பூட்டும் வரிசை

சைனாடவுன் அடுக்குமாடி வீட்டில் தனி கராஜ் கிடையாது. சட்டகத்தையும் பாகங்களையும் நடைவழியில் பரப்பிவைக்க முடியாது. தீப் பாதுகாப்புக்காகப் பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். பெட்ரோல் இருந்த டாங்கியை வீட்டுக்குள் கொண்டுபோவதும் ஆபத்து. பேரிங், லிங்கேஜ், போல்ட் சுத்தம் போன்ற சிறு வேலைகளை வீட்டில் பழைய நாளிதழ் விரித்துச் செய்துகொள்ளலாம். எஞ்சினைப் பூட்டுவதைப் பட்டறையிலோ இடவசதி உள்ள நண்பரிடமோ வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெயர் எழுதி, வயர் ஓடும் வழியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் பூட்டுவது பாதி சுலபம்.

முதலில் ஸ்டீயரிங் பேரிங்குகளையும் முன்பக்க ஃபோர்க்கையும் பூட்ட வேண்டும். அடுத்து ஸ்விங்ஆர்ம், லிங்கேஜ், ஷாக் அப்சார்பர். சேற்றில் ஓடும் வண்டியின் லிங்கேஜ் பேரிங்குகளுக்கு நீர்புகா கிரீஸை நிறைய வைக்க வேண்டும். பிறகு எஞ்சின். சிறிய வண்டிகளில் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, சட்டகத்தை அதன்மேல் இறக்குவது எளிது. புதுப் பூச்சு கீறாமலிருக்கச் சட்டகக் குழாய்களில் பழைய துணியைச் சுற்றிவிடலாம்.

எஞ்சினைப் பிடிக்கும் எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்ற வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் துளைகள் நேராக வராது. அத்தனையும் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச். அதற்குப் பின் வயரிங், சக்கரங்கள், சங்கிலி, பிரேக் என்று போகலாம்.

இறுக்கும் அளவுக்கு அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடே இறுதி. கையேட்டில் தனியாகக் குறிப்பிடாத போல்ட்டுகளுக்குப் பொது அளவு உண்டு. ஹோண்டா கையேடுகளில் அது 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டருக்கு 22, 10 மில்லிமீட்டருக்கு 34 என்ற அளவில் உள்ளது. உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவை கிரீஸ் தடவிய மரைக்குப் பயன்படுத்தக்கூடாது. உரசல் குறைவதால் போல்ட் தேவைக்கு மேல் இழுபட்டு முறிந்துபோகலாம்.

பிரேக் டிஸ்க் போல்ட்டுகளுக்கு மரைப்பசை தேவைப்படும். பழைய பசையைக் கம்பித் தூரிகையால் முற்றாக நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்தபிறகே புதிய பசை ஒட்டும். நீல நிறப் பசை சாதாரண கருவியால் கழற்றக்கூடியது. சிவப்பு நிறப் பசையைக் கழற்றச் சூடாக்க வேண்டியிருக்கும். சூட்டில் புதுப் பூச்சு கெடும்.

முதல் 50 கிலோமீட்டர்

பூட்டி முடித்ததும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெல்லத் தட்ட வேண்டும். இருபுறமும் தடையின்றி விழ வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. பிரேக்கில் காற்று இல்லாமல் வெளியேற்றி, நெம்புகோல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பும்போது வயரோ கேபிளோ இழுபடக்கூடாது.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு முக்கிய போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்சால் மறுபடியும் சரிபார்ப்பது கட்டாயம். பூச்சு நசுங்கித் தளரும் இறுக்கம் அப்போது தெரிந்துவிடும். சக்கரக் கம்பிகளையும் கூடவே பார்க்கலாம். சரிபார்த்த போல்ட்டின் தலையிலிருந்து சட்டகம்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், பிறகு எப்போது தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

செலவு செய்யும் முன்பு யோசிக்க

வண்டியைப் புதுப்பிக்க நினைப்போர் முதலில் அதன் பதிவுத் தேதியைப் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதிக்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட அனுமதி இல்லை. பழம்பெரும் வாகனங்களுக்கான சிறப்புத் திட்டங்களின்கீழ் வருபவை மட்டுமே விலக்கு. பழைய வண்டிக்கு ஆசையாகச் செலவு செய்துவிட்டுப் பின்னர் வருந்துவதைத் தவிர்க்க இந்த ஒரு தேதி போதும்.

வாகன உரிமைச் சான்றிதழில் எத்தனை ஆண்டுகள் மிச்சம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வண்டியின் நிறம் மாறினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் அதை மாற்ற வேண்டும். மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார்சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. பந்தயத்துக்காக மட்டுமே தயாராகி, சாலைப் பதிவு இல்லாத டர்ட் பைக்கைச் சாலையில் ஓட்ட முடியாது. வேனில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும்.

சட்டகத்தைக் கழற்றிக் கொடுத்து, பூசி வாங்குவது பணம் கொடுத்தால் நடந்துவிடும். ஐம்பது அறுபது துளைகளில் ஒவ்வொன்றாக விரலால் போல்ட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு முழுநாள் பிடிக்கலாம். பூட்டியபின் அந்த உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. கிரேத்தா ஆயருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மாட்டுவண்டியிலும் சக்கரம் கழலாமல் காத்தது அச்சின் நுனியில் செருகிய சிறு கடையாணிதான். வண்டியைப் பார்த்தவர்கள் மாட்டைப் பார்த்திருப்பார்கள். வண்டிக்காரர் கிளம்பும் முன்பு கடையாணியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.